பாடியை எடுத்த நாள்

போன மாதம் பாலக்காட்டில், கேரளப் பஞ்சாயத்துகளுக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்திருக்கும் தமிழ் உறுப்பினர்களான உங்களுக்காக ஒரு வகுப்பு நடந்தபோது, பழைய ஆள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் நல்லேப்பிள்ளிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பி எழுந்தார்.

"ஏனுங்கண்ணா, சட்டசபைல மொத நாளு தமிழ்ல உறுதிமொழி எடுத்தீங்களாமா. பயமா இருந்துச்சுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஏதோ சொல்லி உட்கார்ந்துகொண்டேன். மலையேறித் திரும்பி வரும்போதுதான் அந்தத் தம்பிக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று பட்டது. சபையில் எனக்குப் பயமே இருந்ததில்லை. அங்கே எதற்கும் ஒரு முறை உண்டு. யார் முதலில் பேச வேண்டும், எவ்வளவு நேரம் பேசலாம், எப்போது உட்கார வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்கிறது. தப்பாகப் பேசினாலும் குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். நான் பயந்தது வேறு இடத்தில். வகுப்பில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் இடுக்கி மாவட்டத்தின் எல்லையில், உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலமலையைச் சேர்ந்தவன். முதலில் ஜீப் ஓட்டினேன். போடியிலிருந்து மலையேறி வரும் கூலிப் பெண்களை விடிந்ததும் தோட்டம் தோட்டமாக இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு இறங்குகிற ஜீப். பிறகு யூனியன் வேலை, பிறகு பஞ்சாயத்து, பிறகு இரண்டு முறை சட்டமன்றம். மூன்றாம் முறை தோற்றேன். ஏன் தோற்றேன் என்பதும் இதில் வரும்.

எனக்கு முன்னால் அந்தத் தொகுதியில் எம்.எல்.ஏ.வாக இருந்தவர், நான் முதல் முறை ஜெயித்த அன்று எனக்கு மாலை போட்டுவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். "சனம் கோவமா இருக்குன்னு தெரிஞ்சா, போலீஸ் போறதுக்கு முந்தி நீ போய் நின்னுரு. என்ன பேசுறதுன்னு யோசிச்சுக்கிட்டு வீட்டுல இருந்துராத." நான் பதவியில் இருந்த வரைக்கும் அதைக் கைவிடவில்லை. உங்களுக்கும் அது உதவும். போய் நின்ற பிறகு என்ன செய்வது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கானம் என்பது ஒரு சின்னக் கடைவீதி. ஒரு ரேஷன் கடை, இரண்டு டீக்கடை, சிலுவை வைத்த ஒரு குரிசடி, ஜீப் நிற்கிற இடம். சாலை அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து ஒன்று மேலே எஸ்டேட்டுக்குப் போகும். எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் பால்பாண்டி என்று ஒருவர் தண்ணீர் மோட்டார் போடுகிற வேலையில் இருந்தார். அவரை எனக்கு ஜீப் ஓட்டிய காலத்திலிருந்தே பழக்கம். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் காலை மோட்டார் ரூமுக்குப் போன மனிதரைத் தண்ணீர்த் தொட்டி வளைவில் யானை மிதித்துவிட்டது. அந்த மழைக்காலம் முழுவதும் ஒற்றை யானை ஒன்று அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. காட்டிலாகாவுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிருந்தது. மூடுபனியில் பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

போன் வந்ததும் கிளம்பிவிட்டேன். நான் போய்ச் சேர்வதற்குள் பால்பாண்டியின் பக்கத்து வீட்டு ஆரோக்கியமும் இன்னும் சிலரும் உடலைப் படுதாவில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, டீக்கடை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, சந்திப்பின் நடுவில் கிடத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. தாசில்தார் வந்து குடைக்கடியில் நின்றுகொண்டிருந்தார். காட்டிலாகா ரேஞ்சரை ஜீப்பிலிருந்து இறங்கவே விடவில்லை. போலீஸ் குறைவு. ஆம்புலன்ஸ் ஒன்று ரேஷன் கடை ஓரமாக நின்றது. போஸ்ட்மார்ட்டத்துக்கு உடலை எடுத்துப் போக வேண்டும். சனம் விடவில்லை.

கோரிக்கை ஒன்றும் பெரியது இல்லை. தொட்டி வளைவிலிருந்து தொழிலாளர் லயன் வீடுகள் வரைக்கும் யானை தாண்டாதபடி மின்வேலி போட வேண்டும். யானையை விரட்டுகிற காவல் குழு ஒன்று நிரந்தரமாக மேல் டிவிஷனில் இருக்க வேண்டும். கலெக்டர் நேரில் வந்து அதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதுவரை பாடி நகராது.

இந்தப் போராட்டத்தை நடத்தியது எங்கள் கட்சி. அப்போது நாங்கள் எதிர்க்கட்சி. எங்கள் ஏரியா செயலாளர் பேபிச்சன் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். ஏரியா செயலாளர் என்றதும் நீங்கள் ஒரு வில்லனை எதிர்பார்க்க வேண்டாம். அவருடைய சொந்த அண்ணனையே சில வருடங்களுக்கு முன் யானை கொன்றிருக்கிறது. அன்று யாரும் மறியல் செய்யவில்லை. மறுநாளே சர்ச்சில் அடக்கம் செய்துவிட்டார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். பால்பாண்டியின் மனைவி முத்துலட்சுமி பெஞ்சின் கால்மாட்டில் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்தபோது என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அண்ணே, இவுகள எடுத்துட்டுப் போயிரச் சொல்லுங்கண்ணே."

நான் அவள் பக்கத்தில் குத்தவைத்தேன்.

"ஆளு வர வரத் தொறந்து தொறந்து காட்டுறாங்க. போன்ல படம் புடிக்கிறாங்க. உசுரோட இருக்கையில சட்டை போடாமக் கடைக்குக்கூட வரமாட்டாகண்ணே."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளூர் சேனல்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பேபிச்சன் கை காட்டினார். யாரோ ஒரு பையன் வந்து அவள் பிடியிலிருந்து துணியை இழுத்தான். நான் பார்த்ததை எழுதப் போவதில்லை. அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள் என்பதை மட்டும் சொல்கிறேன். கேமரா போனதும் அவளே எழுந்து மூடினாள். மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"மக எங்கம்மா?" என்று கேட்டேன்.

"கம்பத்துல காலேஜ்ல இருந்து வந்துக்கிட்டு இருக்கா. அவ வந்து இந்தக் கோலத்துல பாக்கக் கூடாதுண்ணே. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீக. இவங்களோடதான் நான் இருந்தாகணும்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்பு வேறொரு எஸ்டேட்டில் இதே மாதிரி நடந்தபோது, செத்தவரின் மனைவி போதும் என்று சொல்லி உடலை வாங்கிக்கொண்டு போனாள். காட்டிலாகாவிடம் கை நீட்டிப் பணம் வாங்கிவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. லயன் வீடுகளில் யாரும் அவளோடு தண்ணீர் பிடிக்கக்கூட நிற்கவில்லை. அந்த வருடமே ஊரைவிட்டுப் போய்விட்டாள். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது.

நான் பேபிச்சனைத் தனியாக டீக்கடைக்குப் பின்னால் கூட்டிப் போனேன்.

"பேபிச்சா, போதும். எடுத்துரலாம்."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். "சேட்டன் என்ன சொல்றீங்க? கலெக்டர் புறப்பட்டாச்சு. பாதி வழி வந்தாச்சு."

"கலெக்டர் வர்றப்ப நாம ரோட்டுல இருப்போம். பாடி ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்."

"பாடி இங்க கெடக்குற வரைக்கும்தான் கலெக்டர் வருவாரு. பாடி போச்சுன்னா நாம யாரு? வழி மறிச்ச ஆளுங்க, அவ்வளவுதான். என் சேட்டன மரியாதையா அடக்கினோம். சாமியார் வந்தாரு, மந்திரி மலர் ரீத்து வெச்சாரு. அதுக்குப் பெறகு ஒரு ஃபாரஸ்ட் வாட்சர்கூட வரல. மரியாதை குடுத்ததுக்கு எங்களுக்குக் கிடைச்சது அது."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அந்த அம்மா சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. நான்தான் சொல்றேன்."

"அப்ப அவங்களயே கேப்போம். மைக்ல கேப்போம். அவங்க எடுக்கச் சொன்னா எடுத்துடலாம், யாரும் தடுக்கல."

ஜனநாயகம் மாதிரித்தான் கேட்டது. செத்துக் கிடக்கிற புருஷனுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, நூற்றுக்கணக்கான பேர் பார்க்க, உனக்கு வேலி வேண்டுமா, உன் புருஷனுக்குத் துணி வேண்டுமா என்று கேட்பது. அவள் என்ன சொன்னாலும் அந்த ஊரில் அவள் வாழ முடியாது.

அதே நேரம் ஜில்லாச் செயலாளர் போனில் வந்தார். அமைதியாகப் பேசக்கூடிய மனிதர். மந்திரி பேசுகிற வரைக்கும் உடல் அங்கேயே இருக்கட்டும், நீங்கள் போய் மைக்கைப் பிடியுங்கள், இப்படி ஒரு சந்தர்ப்பம் சபையில் ஒரு வருடம் கத்தினாலும் கிடைக்காது என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை. சரி என்று சொல்லி வைத்தேன். வைத்துவிட்டுத்தான் பயந்தேன். ஜீப் ஓட்டிய காலத்தில் கொண்டை ஊசி வளைவில் பிரேக் போனபோதுகூட அவ்வளவு பயந்ததில்லை.

சந்திப்புக்கு வந்து மைக்கைப் பிடித்தேன். கை தட்டினார்கள். நான் போராட்டத்தை வாழ்த்தப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"கலெக்டர் வர்ற வரைக்கும் நானும் உங்களோட இந்த ரோட்டுலதான் உட்காரப் போறேன். ஆனா பால்பாண்டி இனிமே இங்க கிடக்க வேணாம். பாடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்றது நான். முத்துலட்சுமிகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. கேக்கணும்னா எங்கிட்டக் கேளுங்க."

சத்தம் எழுந்தது. என்ன சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஜீப் டிரைவர்கள் நான்கைந்து பேரைக் கையசைத்துக் கூப்பிட்டேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டே வந்து பெஞ்சைத் தூக்கினார்கள். பேபிச்சன் ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டார். ஆரோக்கியம் மட்டும் ஓடிப் போய் ஆம்புலன்ஸின் கதவை மறித்து நின்றான். உடலைத் தொட்டி வளைவிலிருந்து சுமந்து வந்தபோது பட்ட ரத்தம் அவன் சட்டையில் காய்ந்திருந்தது.

"எம்.எல்.ஏ. அண்ணே, இது ஞாயமில்ல. நாளைக்கு இன்னொருத்தன் சாவான்."

நான் அவன் தோளைப் பிடித்து விலக்கினேன். விலக்கினேன் என்று எழுதுகிறேன். தள்ளினேன் என்றும் சொல்லலாம். கதவு மூடியது. முத்துலட்சுமி ஏறி உட்கார்ந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு முதல் டீ கிளாஸ் வந்து என் காதோரம் விழுந்தது. அடுத்தது நெற்றியில். போலீஸ் அடிக்கப் பாய்ந்தது. வேண்டாம் என்று கத்தினேன். சட்டை கிழிந்து, ரத்தத்தோடு சாலையில் உட்கார்ந்தேன். என்னோடு உட்கார்ந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். மழை வலுத்ததும் அவர்களும் எழுந்து போனார்கள்.

சாலை திறந்துவிட்டது என்ற செய்தி கேட்டதும் கலெக்டரின் வண்டி பாதி வழியில் திரும்பிவிட்டது. தாசில்தாரிடம் போனில் சொல்லியிருந்தார்: கோரிக்கைகள் பரிசீலிக்கப்படும்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். கலெக்டரேட்டுக்கு நடந்தேன். சபையில் பிரச்சினையை எழுப்பினேன். தமிழில் பேசினேன், புரியவில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்று மலையாளத்திலும் பேசினேன். வேலி எந்த இடத்தில் அமைப்பது என்று ஆய்வு நடக்கிறது என்று மந்திரி பதில் சொன்னார். காவல் குழுவை அனுப்பினார்கள். இரண்டு வாரம் இருந்துவிட்டு வேறு எங்கோ போய்விட்டது. ஊரில் நான் காட்டிலாகாவிடம் விலை போய்விட்டேன் என்று பேச்சு. ஜில்லாச் செயலாளர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பேபிச்சன் மட்டும் எப்போதும் போல வந்தார், எப்போதும் போல வேலை செய்தார். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மழை விட்டு ஏலக்காய் எடுக்கும் காலம் வந்தது. ஒரு நாள் காலை, பெண்கள் கூட்டமாகத் தோட்டத்துக்கு ஏறிப் போகும்போது, அதே தண்ணீர்த் தொட்டி வளைவில் யானை நின்றிருந்தது. எல்லோரும் ஓடினார்கள். ஒருத்தி சறுக்கி விழுந்தாள். ஆரோக்கியத்தின் மனைவி செல்வி.

அன்றும் நான் போனேன். போகாதே என்று போலீஸ் சொன்னது, கட்சி சொன்னது, என் வீட்டிலும் சொன்னார்கள். சந்திப்பில் அதே மாதிரி பெஞ்சுகள். ஆரோக்கியம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். முத்துலட்சுமி செல்வியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் எனக்கு வழிவிட்டது. அடிக்க மாட்டார்கள் என்று அந்த வழியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஆரோக்கியத்திடம் விட்டிருந்தார்கள்.

அவன் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தான். கத்தவில்லை.

"அன்னைக்கு நான் வண்டிய மறிச்சேன். நீதான் என்னயத் தள்ளிவிட்ட. ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா கலெக்டர் வந்திருப்பாரு. வேலி வந்திருக்கும். இவ இந்நேரம் காய் எடுத்துக்கிட்டு இருப்பா. இல்லைன்னு சொல்லு பாப்போம்."

அப்போது முத்துலட்சுமி எழுந்துவிட்டாள். "ஆரோக்கியண்ணே, அன்னைக்கு அவரு இல்ல, அன்னைக்கு வந்து..."

அவள் முடிப்பதற்குள் நான் சத்தமாகச் சொன்னேன். "அன்னைக்கு எடுக்கச் சொன்னது என் முடிவு. யாரும் சொல்லி நான் செய்யல. தப்புன்னா என் தப்பு."

அவள் வாய் திறந்தபடி நின்றாள். அப்புறம் மெதுவாக உட்கார்ந்துகொண்டாள். ஆரோக்கியம் என் சட்டையை விட்டுவிட்டு, "போய் உக்காரு" என்றான். பெஞ்சுக்குப் பக்கத்தில், அவன் காட்டிய இடத்தில், நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

அன்று துணியை விலக்கியது ஆரோக்கியம்தான். ஒவ்வொரு கேமரா வந்தபோதும் அவனே எழுந்து, அவனே விலக்கினான். "பாருங்க. நல்லாப் பாருங்க" என்றான். ஒவ்வொரு முறையும் முத்துலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடிக்கொள்ளவில்லை. மூடிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

பொழுது சாய்வதற்கு முன் கலெக்டர் வந்தார். மந்திரி போனில் பேசியதை மைக்கில் போட்டார்கள். அடுத்த மழைக்கு முன் வேலி வந்துவிட்டது. காவல் குழுவும் வந்து தங்கிவிட்டது. அதற்குப் பிறகு மேல் டிவிஷனில் யானையால் யாரும் சாகவில்லை.

இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேபிச்சன் சொன்னதுதான் நடந்தது. முதல் உடலை வைத்திருந்தால் இரண்டாவது உடல் விழுந்திருக்காது என்று சொல்கிறவர்களுக்கு என்னிடம் இன்றும் பதில் கிடையாது. அதே நேரம், அந்தப் பையன் அவள் கையிலிருந்து துணியை இழுத்ததைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருக்க என்னால் முடிந்திருக்குமா என்று கேட்டால், முடிந்திருக்காது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எந்தப் பாடமும் வரவில்லை. வரும் என்று நான் ரொம்ப நாள் காத்திருந்தேன்.

அடுத்த தேர்தலில் தோற்றேன். வெள்ளிக்கானம் பூத்தில் என் பெயருக்கு விழுந்த ஓட்டைப் பார்த்துவிட்டு எண்ணும் இடத்தில் இருந்த என்னை எதிர்த்து நின்றவரின் ஏஜெண்டே தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒன்றே ஒன்று மட்டும் ஆறுதலாக இருந்தது. வேலி தாமதமானது என்னால், செல்வி செத்தது என்னால், எல்லாம் சரி. ஆனால் ஒருத்தியின் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன். அவள் சுமக்க வேண்டியதை நான் சுமந்துவிட்டேன். நடுவில் எத்தனையோ முறை உண்மையைச் சொல்லி என் பெயரை மீட்டிருக்கலாம். சொல்லவில்லை. இதை நினைத்துக்கொண்டுதான் தூங்கினேன். நான் ஒரு நல்ல அரசியல்வாதி என்று நம்ப எனக்கு மிச்சமிருந்த கடைசி விஷயம் அது.

தோற்று இரண்டு வருடம் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துலட்சுமி என் வீட்டுக்கு வந்தாள். மகள் படிப்பை முடித்துவிட்டுத் தேனியில் வேலைக்குப் போகிறாள் என்றாள். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, ஆரோக்கியண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். இனி நீங்களும் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "எதுக்கும்மா சொன்ன? அத நான் சுமந்துக்கிட்டு இருக்கேன்ல?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்க எங்கண்ணே சுமந்தீக? தோத்தீக, வீட்டுக்கு வந்துட்டீக. நான் தெனமும் ஆரோக்கியண்ணன் பக்கத்துல நின்னுல்ல காய் எடுத்தேன். மத்தியானம் தூக்குச்சட்டியத் தொறந்தா உங்களத் திட்டித்தான் முதல் வாய் எடுப்பாரு. அந்தாளு உம்புருசனுக்கு ஞாயம் கிடைக்காமப் பண்ணுனான், எம்பொண்டாட்டியக் கொன்னான், நாம ரெண்டு பேரும் ஒண்ணு முத்துன்னு சொல்லுவாரு. நான் ஆமான்னு தலையாட்டணும். அவரு வீட்டுல கொழம்பு வெச்சா எனக்கும் எம்மகளுக்கும் ஒரு கிண்ணம் வரும். அத நான் வாங்கணும். அன்னைக்குச் சந்திப்புல சொல்ல வாயெடுத்தேன். நீங்க சொல்ல விடல."

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் பதவியில் இருக்கும் நாளில் பல பேருக்காகப் பல பொய் சொல்வீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வீர்கள். நாம் ஒரு முறை மைக்கில் சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விடுகிறோம். யாருக்காகச் சொன்னோமோ அவர்கள் அதே ஊரில் இருந்துகொண்டு, நாம் சொன்ன பொய்யை நமக்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். முதல் தடவை அவளே கேட்டாள், காப்பாற்றினேன், சரி. இரண்டாவது தடவை அவள் எழுந்து நின்றபோது அவள் என்ன கேட்கிறாள் என்று நான் பார்க்கவில்லை. என் தியாகத்தை அவள் கெடுத்துவிடுவாளோ என்றுதான் அவசரப்பட்டேன்.

"சொன்னதுக்கு ஆரோக்கியம் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. தூக்குச்சட்டிய மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. மறுநா கங்காணிகிட்டச் சொல்லி வேற வேலைக் கூட்டத்துக்கு மாறிக்கிட்டாரு. ரோட்டுல எதுக்க வந்தா அந்தப் பக்கம் இறங்கி நடக்குறாரு."

"உனக்குக் கஷ்டமா இல்லையாம்மா?"

முத்துலட்சுமி எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள்.

"தெரிஞ்சு பேசாம இருக்காரு. அது தாங்கிக்கிரலாம்ணே. தெரியாமப் பேசிக்கிட்டு இருந்தாரு பாருங்க, அப்பத்தான் எனக்குச் சோறு எறங்கல."